வயல் தண்ணி யார் கையில? - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்தி வருது. விவசாயத்தால வாற காபனை, அதாவது பூமியைச் சூடாக்கிற வாயுக்களை, டெக்னாலஜி வச்சு எப்பிடிக் குறைக்கிறது, அதுக்கு கம்பஸ், கமக்காரர், கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைகள் எல்லாரும் சேந்து ஒரு ஆராய்ச்சி செய்யலாமா எண்டுதான் கேட்டிருக்கீங்க. திருகோணமலை மாவட்டத்துக்குள்ள இருந்தே இவ்வளவு பேர் எழுதினது எனக்கு உண்மையா சந்தோசம். விவசாயப் போதனாசிரியரா இந்த வரம்புகள்ல நடந்தவள் நான், அதால மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதை மட்டும் எடுத்திருக்கன்.

கேள்வி: அக்கா, நான் நிலாவெளிப் பக்கம் கம்பஸ்ல கம்ப்யூட்டர் படிப்பிக்கிறன். நாங்க மூண்டு பேரும் வெளிநாட்டு பல்கலைக்கழகம் ஒண்டும் சேந்து நெல் வயல்ல காபன் குறைக்கிறதுக்கு புரபோசல் எழுதுறம். ட்ரோன், சென்சர், ஏஐ எல்லாம் போட்டாச்சு, தம்பலகாமத்தில கமக்காரர் அமைப்பு ஒண்டோட ஒருக்கா கதைச்சும் இருக்கம். எங்க இருந்து தொடங்குறது சரி?

தம்பி, முதல்ல அந்த ட்ரோனை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு ஒரு ஏக்கர் வயலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வயல்ல தண்ணி கட்டி நிக்கேக்குள்ள மண்ணுக்குள்ள ஒக்சிசன் இல்லாமப் போகுது, அதில வாழுற நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குது, அந்த மெதேன்ல பெரும்பகுதி நெற்பயிரின்ட தண்டு வழியாத்தான் வெளிய வருது. ஐபிசிசி எண்ட ஐ.நா. காலநிலை விஞ்ஞானிகள் குழு 2019ல திருத்தின கணக்குமுறையில தெற்காசியாவுக்கு ஒரு ஹெக்டயருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மெதேன் எண்டு போட்டிருக்கு, அதாவது தொடர்ந்து தண்ணி நிக்கிற, பசுந்தாளோ வைக்கோலோ போடாத வயலுக்கு. 100 நாள் தண்ணி நிண்டா ஏக்கருக்கு 34 கிலோ. மெதேன் 100 வருசக் கணக்கில காபனீரொட்சைட்டை விட 27 மடங்கு சூடாக்கும், அப்ப அந்த 34 கிலோ 900 கிலோவுக்கு மேல காபனீரொட்சைட்டுக்கு சமன். ஒரு லீட்டர் டீசல் எரிஞ்சா வாறது கிட்டத்தட்ட 2.7 கிலோ. ஒரு ஏக்கர்ல சும்மா தண்ணி நிக்கிறது 340 லீட்டர் டீசல் எரிச்ச மாதிரி, ஒரு போகத்துக்கு உழவுக்கும் அறுவடை மெஷினுக்கும் சேத்துப் போகிற டீசல் இதுக்குக் கிட்டவும் வராது.

ஆகவே நீங்க குறைக்கப் போறது முக்கியமா தண்ணியால வாறதை. தண்ணியை இடைக்கிடை வத்த விட்டு திரும்பக் கட்டுற முறை, காய்ச்சலும் பாய்ச்சலும் எண்டு சொல்லுறது, அதைப் பலமுறை செய்யிற வயலுக்கு அதே கணக்குமுறை 0.55 எண்டு குடுக்குது. தொடர்ந்து தண்ணி நிண்டா வாறதில 55 வீதம்தான் வரும் எண்டு அதுக்கு அர்த்தம். ஏக்கருக்கு 400 கிலோ அளவுக்குக் குறையுது, நல்ல குறைவுதான். ஆனா காய விட்டா யூரியாவில இருந்து நைட்ரஸ் ஒக்சைட் எண்ட சூடாக்கிற இன்னொரு வாயு கூடும், அதையும் கழிக்க வேணும். ரெண்டு மூடை, அதாவது 100 கிலோ யூரியா போடுற ஏக்கருக்கு அந்தக் கூடுதல் 40 கிலோ அளவுதான் வரும், கிடைச்ச லாபத்தில பத்தில ஒண்டு. இதைச் சொல்லாம மெதேனை மட்டும் அளந்து ரிப்போர்ட் எழுதுற ஆக்கள் இருக்காங்க, நீங்க அப்பிடிச் செய்யாதீங்க.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். தம்பலகாமத்து வயலுக்கு தண்ணி வாறது கந்தளாய்க் குளத்தில இருந்து. அந்தக் குளத்தைக் கட்டினதாச் சொல்லுற குளக்கோட்டன் மன்னன்ட கதை கேட்டு வளந்த ஊர் எங்கட, ஆனா இண்டைக்கு மதகைத் திறக்கிறது நீர்ப்பாசனத் திணைக்களம், எந்தத் திகதி திறக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருக்கா முறை எண்டு முடிவாகிறது போகம் தொடங்க முந்தி அதிகாரிகளும் கமக்காரரும் கூடுற ஆரம்பக் கூட்டத்தில. உங்கட சென்சர் 'இண்டைக்கு தண்ணி கட்டு' எண்டு போனுக்கு மெசேஜ் அனுப்பினாலும் வாய்க்கால்ல முறை வர இன்னும் நாலு நாள் இருந்தா அந்த மெசேஜால என்ன பிரயோசனம் சொல்லுங்க. புரபோசல்ல முதல் பக்கத்தில இருக்க வேண்டியது தண்ணி யார் கையில எண்ட கேள்வி. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை நிலையம், கமக்காரர் அமைப்பு, வாய்க்காலைப் பாக்கிற ஆள், இவங்க எல்லாரும் புரபோசல் எழுதேக்குள்ளயே உக்காந்திருக்க வேணும், காசு வந்த பிறகு கூப்பிடுறதில பலன் இல்லை. உங்கட கம்பஸ்ல விவசாய பீடம் இல்லை, அது மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில, அங்க மண் தெரிஞ்ச ஒரு ஆளையும், நெல் இனங்களுக்கு பத்தலேகொட ஆராய்ச்சி நிறுவனத்தில ஒரு ஆளையும் சேருங்க. வெளிநாட்டு ஆக்களிட்ட முதல்லயே கேக்க வேண்டியது, தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில யார் பேர் வரும், மூண்டு வருசம் முடிஞ்சு அவங்க போன பிறகு மெஷினை யார் பாக்கிறது. இதை எழுத்தில எடுங்க.

இன்னொண்டும் மனசில வச்சுக்கொள்ளுங்க. 2021ல ரசாயனப் பசளையை ஒரேயடியா நிப்பாட்டினதும் அந்த வருசமே அதைத் திருப்பி எடுத்ததும் எங்கட சனம் மறக்கேல்ல. அந்தப் பெரும்போகத்தில விளைச்சல் விழுந்து கடன்பட்டவங்கட வீட்டுக்குத்தான் நீங்க போய் 'ஒரு புது முறை பரீட்சித்துப் பாப்பம்' எண்டு சொல்லப் போறீங்க. அதால பட்ஜெட்ல ஒரு வரி கட்டாயம் வேணும்: பரீட்சிக்கிற துண்டில விளைச்சல் குறைஞ்சா பக்கத்து வயலோட ஒப்பிட்டு அந்த வித்தியாசம் காசாக் குடுக்கப்படும். காசு குடுக்கிற நிறுவனம் இதுக்கு ஒத்துக்கொள்ளாட்டி அந்தக் காசை எடுக்க வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஒப்புதல் படிவம் தமிழிலயும் சிங்களத்திலயும் இருக்க வேணும், கந்தளாய்க் குளத்துத் தண்ணியை குடிக்கிற வயல்களுக்கு மூண்டு சமூகமும் சொந்தக்காரர்.

கேள்வி: மகள், நான் கிண்ணியாப் பக்கம் நாலு ஏக்கர் செய்யிறன். என்ட வயல் கடைசி வாய்க்கால்ல. சிறுபோகத்தில எனக்கு தண்ணி வந்து சேரேக்குள்ள மேல் வயல்காரர் ரெண்டாம் முறையும் எடுத்துடுவாங்க. வெடிச்சுக் கிடக்கிற என்ட வயலை இன்னும் காய விடச் சொல்லுறீங்களா?

இல்லை வாப்பா, உங்கட வயலைக் காய விடச் சொல்ல மாட்டன். இந்தக் கேள்வி எனக்கு ரெண்டு நாள் நித்திரை வர விடேல்ல, ஏனெண்டா இந்த விஷயத்தில படிச்ச ஆக்கள் தவற விடுற இடம் இதுதான். அவங்க கணக்குப் போடுறது எல்லா வயலும் எந்நேரமும் தண்ணி நிறைஞ்சு நிக்குது எண்டு வச்சுக்கொண்டு. உங்கட வயல் விரும்பியோ விரும்பாமலோ ஏற்கனவே காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் ஓடுது, அங்க மெதேன் ஏற்கனவே குறைவு. அதில தண்ணி மட்டம் பாக்கிற ஒரு பைப்பை நட்டு 'நாங்க 45 வீதம் குறைச்சிட்டம்' எண்டு எழுதினா அது பொய்க் கணக்கு.

அதால நான் கேக்கிறது முதல் ஒரு சிறுபோகத்தை ஒண்டும் மாத்தாம சும்மா அளக்க மட்டும் விடச் சொல்லி. மேல் வாய்க்கால், நடு வாய்க்கால், கடை வாய்க்கால், மூண்டிலயும் எத்தனை நாள் தண்ணி நிண்டது எத்தனை நாள் நிக்கேல்ல எண்டு. அந்தக் கொப்பியே பெரிய தரவு. பிறகு மேல் வயல்ல தண்ணியைக் குறைச்சா மிச்சம் உண்மையா உங்களிட்ட வந்து சேருதா எண்டு பாக்கலாம், ஒரு ஏக்கர்ல ஒரு சென்ரிமீற்றர் தண்ணி எண்டா 40,000 லீட்டர், சின்ன விஷயம் இல்லை. காபன் எண்ட சொல்லே தெரியாத ஆளுக்கும் இந்தக் கணக்கு விளங்கும். மற்றது, உங்கட பக்கம் கொட்டியார்க் குடாவுக்குக் கிட்ட, உவர் ஏறின துண்டு இருந்தா காய விடுறது கெடுதல், தண்ணி வத்த வத்த உப்பு செறிஞ்சு வேரைச் சுடும். அந்தத் துண்டை ஆராய்ச்சியில சேக்க வந்தா வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

கேள்வி: அக்கா, டவுன்ல நாங்க ஐந்தாறு பெடியள் சேந்து தண்ணி மட்டம் பாக்கிற சென்சர் செய்யிறம். சட்டலைட் படமும் எடுக்கலாம் எண்டு யோசிக்கிறம். இந்த ஆராய்ச்சியில எங்களுக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கு தம்பி. ஆனா ஒரு போகம் சென்சர் இல்லாம வயல்ல நிண்டு பாத்துட்டுச் செய்யுங்க. 30 சென்ரிமீற்றர் நீளத்தில ஒரு பிவிசி பைப் துண்டு, அதின்ட கீழ்ப் பாதியில ஆணியை நெருப்பில காய்ச்சிக் குத்திக் குத்தி ஓட்டை போட்டு, ஓட்டை இருக்கிற பாதியை மண்ணுக்குள்ள இறக்கி, உள்ள அடைஞ்ச சேத்தைக் கையால தோண்டி எடுத்துட்டா அதுதான் கருவி. வயலுக்கு மேல தண்ணி தெரியாட்டியும் பைப்புக்குள்ள எட்டிப் பாத்தா மண்ணுக்குக் கீழ எவ்வளவில நிக்குது எண்டு தெரியும். 15 சென்ரிமீற்றர் கீழ போனா திரும்ப 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டலாம், பயிருக்கு ஒண்டும் ஆகாது. பூக்கிறதுக்கு ஒரு கிழமை முந்தியும் பூத்து ஒரு கிழமை பிந்தியும் மட்டும் காய விடக்கூடாது, அந்த நேரம் தண்ணி குறைஞ்சா பதர்தான் மிஞ்சும். எங்கட ஆக்கள் நாத்து நடுறது குறைவு, வீசி விதைக்கிறதுதான் வழக்கம், அதால முதல் ரெண்டு மூண்டு கிழமை தண்ணியை வத்த விட்டா புல்லு ஏறிடும், அந்த நாளைக் கழிச்சுத்தான் காய விடத் தொடங்க வேணும். இவ்வளவும் உங்கட புரோகிராமுக்குள்ள போக வேண்டிய விஷயம்.

உங்கட சென்சர் அந்தப் பைப்புக்கு மேல உக்காரட்டும், ஒரு போகம் முழுக்க பைப்பில கையால அளந்ததும் சென்சர் சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில எழுதுங்க. சில வருசத்துக்கு முந்தி ஒரு திட்டத்தில சென்சர் கொண்டுவந்து நட்டாங்க, பேர் வேண்டாம். மாடு உரசி ஒண்டு விழுந்தது, ஒண்டுக்குள்ள எறும்பு கூடு கட்டிச்சு, மற்றதுக்கு பற்றரி போய் மாத்த ஆள் இல்லை, ஆறு மாசத்தில எல்லாம் நிண்டு போச்சு, ஆனா வயல்காரர் ஒராள் அந்தக் கம்பத்தை மட்டும் பிடுங்காம வச்சிருந்தார், திரும்ப வருவாங்க எண்டு. அந்தக் கம்பத்தை நான் கண்ணால பாத்தன், இப்பவும் அதை நினைச்சா மனசு கஷ்டம். அதால திருத்துறதுக்கு ஊருக்குள்ளயே ஒரு பிள்ளையைப் பழக்கி சம்பளமும் போடுங்க.

சட்டலைட் விஷயம். சென்ரினல்-2 எண்ட ஐரோப்பிய சட்டலைட்டின்ட படம் அஞ்சு நாளைக்கு ஒருக்கா சும்மா கிடைக்குது, ஆனா பெரும்போகத்தில வடகீழ் பருவமழை மேகம் மூடி நிக்கிற நாள்ல அதில வயலே தெரியாது. ராடார் இருக்கிற சென்ரினல்-1 மேகத்துக்குள்ளாலயும் பாக்கும், உழுது தண்ணி கட்டின வயலை அது நல்லாக் காட்டும். பயிர் அடர்ந்த பிறகு கீழ தண்ணி நிக்குதா இல்லையா எண்டு அதாலயும் உறுதியாச் சொல்ல ஏலாது, அப்ப திரும்ப பைப்தான். அந்தப் படத்தில ஒரு புள்ளி எண்டா 10 மீற்றர் சதுரம், அரை ஏக்கர் வயல்ல அது 20தான் வரும், வரம்போட ஒட்டினதைக் கழிச்சா இன்னும் குறையும், அதையும் யோசியுங்க. ட்ரோன் பறக்க விடுறதெண்டா சிவில் விமான சேவை அதிகாரசபையின்ட பதிவும் அனுமதியும் வேணும், எங்களுக்கு சீனன்குடாவில விமானப்படைத் தளம், துறைமுகத்தில கடற்படை, தம்பலகாமம் அதுக்குக் கிட்ட. ஒரு போகம் முந்தியே விண்ணப்பம் போடாட்டி பயிர் அறுத்த பிறகுதான் கடிதம் வரும்.

கேள்வி: மிஸ், நான் வந்தாறுமூலையில விவசாயம் படிக்கிறன், ஊர் மூதூர். மெதேன் அளக்கிறதுக்கு பெட்டி வச்சு வாயு எடுக்கிறது பற்றி வாசிச்சன். நாங்களே செய்யலாமா, இல்லாட்டி ஐபிசிசி கணக்கு மட்டும் போதுமா?

செய்யுங்க மகள், கட்டாயம் செய்யுங்க. நான் மேல சொன்ன 0.85 எண்ட இலக்கம் தெற்காசியா முழுக்கக் கூட்டிப் பிரிச்சது, எங்கட மண்ணுக்கு எங்கட இலக்கம் வேணும். ஒரு போகம் முழுக்க ஒழுங்கா அளந்த தரவு ஒரு மாவட்டத்துக்கு இருந்தாலே அதைப் பிறகு எத்தனையோ பேர் பாவிப்பாங்க.

வேலை பாக்க சுகம், செய்ய கஷ்டம். பெட்டி உக்காருற அடி வளையத்தை முதல்லயே மண்ணில இறக்கி விட வேணும், பயிரை உள்ள விட்டுத்தான் பெட்டியை மூட வேணும், பயிர் வளர வளர பெட்டியும் உயர வேணும். காலையில மூடி 0, 10, 20, 30 நிமிசத்தில சிரிஞ்சால வாயு இழுத்து குப்பிக்குள்ள ஏத்துறது. நான் ஒருக்கா கூட நிண்டு பாத்தன், பெடியன் ஒருத்தன் அவசரத்தில சேத்துக்குள்ள காலை வச்சதும் பெட்டிக்குப் பக்கத்தில குமிழி குமிழியா மேல வந்துது. அந்தக் குமிழிதான் மெதேன், அண்டைக்கு எடுத்த அளவு முழுக்கப் பழுது. அதால பலகைப் பாலம் போட்டு அதில நிண்டுதான் எடுக்க வேணும், பலகை போடுறதும் விதைக்கிற நேரத்திலயே. கிழமைக்கு ஒருக்கா எடுத்தாக் காணும் எண்டு சொல்லுவாங்க, ஆனா யூரியா போட்ட பிறகும் வயல் காயத் தொடங்கின பிறகும் அடுத்தடுத்த நாள் எடுங்க, நைட்ரஸ் ஒக்சைட் அந்தச் சில நாளிலதான் பொங்கி வரும், கிழமைக்கு ஒருக்கா போனா தப்பிப் போகும். குப்பியை எந்த ஆய்வுகூடத்தில, எத்தனை நாளுக்குள்ள, எவ்வளவு காசுக்கு சோதிக்கிறது எண்டு விதைக்க முந்தி எழுத்தில எடுங்க. நைட்ரஸ் ஒக்சைட் பாக்கிற டிடெக்டர் வேற, மெதேனுக்கு வேற, ரெண்டும் இருக்குதா எண்டு கேளுங்க.

துண்டு பிரிக்கேக்குள்ள ஒவ்வொரு முறைக்கும் குறைஞ்சது மூண்டு துண்டு, சீட்டுப் போட்டுத் தெரிவு செய்யிறது, நடு வரம்புக்குள்ள பிளாஸ்டிக் சீற் இறக்கிறது. இல்லாட்டி தண்ணி கட்டின துண்டில இருந்து காய விட்ட துண்டுக்கு கசிஞ்சுகொண்டே இருக்கும். முதல் பரீட்சிப்புக்கு சிறுபோகத்தை எடுங்க, பெரும்போகத்தில வானம் ஊத்தினா காய விடுறது உங்கட கையில இல்லை.

கேள்வி: காபன் கிரெடிட் எடுத்துத் தாறம், ஏக்கருக்குக் காசு வரும் எண்டு சொல்லி சிலர் வந்து எங்கட அமைப்பில கையெழுத்துக் கேக்கினம். போடலாமா? (மூதூர்)

இப்ப போடாதீங்க ஐயா. காபன் கிரெடிட் எண்டா நீங்க குறைச்ச காபனை டொன் கணக்கில வேற கம்பனிக்கு விக்கிறது. கணக்கைப் பாருங்க, ஏக்கருக்கு ஒரு போகத்தில 400 கிலோ அளவு குறையுது எண்டே வச்சாலும் ஒரு டொன் சேர ரெண்டரை ஏக்கர் வேணும். அந்த டொன்னுக்கு வாற காசில அளக்கிற செலவு, சரிபாக்கிற கம்பனிக்கு செலவு, நடுவில நிக்கிற ஆளின்ட பங்கு எல்லாம் போய் உங்களுக்கு என்ன மிஞ்சும் எண்டு எழுத்தில கேளுங்க, எத்தனை வருசத்துக்கு வயலைக் கட்டிப் போடுறாங்க எண்டும் கேளுங்க. வெரா எண்ட காபன் கிரெடிட் பதியிற பெரிய நிறுவனம் நெல்லுக்கு இருந்த பழைய கணக்குமுறையை 2023ல நிப்பாட்டிச்சு, 2024ல சீனாவில 37 நெல் திட்டங்களை நிராகரிச்சது, கணக்கு சரியில்லை எண்டுதான். முதல்ல அளந்த தரவு உங்கட அமைப்பின்ட கையில இருக்கட்டும். அது இருந்தா நாளைக்கு ஆர் வந்தாலும் உங்களிட்டத்தான் கேட்டு நிக்க வேணும்.

கேள்வி: வைக்கோலை எரிக்க வேண்டாம், வயலுக்குள்ள உழுது விடுங்க எண்டு சொல்லினம். அதால மெதேன் கூடும் எண்டும் வாசிச்சன். எது சரி? (கந்தளாய்)

ரெண்டும் சரி தங்கச்சி, நாளிலதான் வித்தியாசம். விதைக்கிறதுக்கு கொஞ்ச நாள் முந்தி உழுது உடனே தண்ணி கட்டினா அந்த வைக்கோல் மெதேனுக்கு சாப்பாடு. 30 நாளுக்கு மேல முந்தியே உழுது உக்க விட்டா, ஐபிசிசி கணக்குமுறையில வைக்கோலால கூடுற மெதேனைக் கணிக்க 1 எண்டு போடுற இடத்தில 0.19தான் போடுறாங்க. மாசி பங்குனியில பெரும்போகம் அறுத்த உடனே ஈரம் காய முந்தி ஒரு உழவு போட்டு விடுங்க. எரிக்க வேண்டாம், மாட்டுக்காரர் வந்து கேட்டா குடுங்க.

கேள்வி: குச்சவெளியில வெங்காயம் செய்யிறம். மண்ணெண்ணெய் பம்பை விட்டு சோலார் பம்ப் போட்டா உங்கட ஆராய்ச்சியில எங்களையும் சேப்பாங்களா? 

சேக்க வேணும், நானும் கேட்டுப் பாக்கிறன். ஒரு விஷயம் மட்டும், சோலார் பம்ப் ஓடுறதுக்குக் காசு போகாது எண்டதால வெயில் இருக்கிற நேரமெல்லாம் ஓட விடத் தோணும், உங்கட கிணறுகள் கடலுக்குக் கிட்ட, மணலுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, கூட இழுத்தா கீழ இருக்கிறது ஏறி வரும். பம்ப் போட முந்தி கிழமைக்கு ஒருக்கா கிணத்தில கயிறு விட்டுத் தண்ணி எவ்வளவு ஆழத்தில நிக்குது எண்டு பாத்து ஒரு கொப்பியில எழுதத் தொடங்குங்க, உப்புப் பாக்கிற சின்ன மீற்றர் ஒண்டை அமைப்புக் காசில வாங்கி எல்லாரும் மாறி மாறிப் பாவிக்கலாம். சிறுபோகம் முடியுற வரைக்கும் எழுதி அந்தக் கொப்பியின்ட போட்டோவை எனக்கு அனுப்புங்க.